இருபத்தோராயிரம் ரூபாய் வாசல்

செப்டம்பர் கடைசி வாரம். கணபதியில் ஒரு பட்டறையில் சம்பளப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். பம்புசெட்டுக்கு உதிரிப்பாகம் கடைகிற இடம். பதினாலு வருஷமாக லேத்தில் நிற்கிறவர் ஒருவர், வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, முதலாளி அடுத்த மாசத்துலிருந்து எனக்கு ஆயிரம் எச்சாப் போடறாராமா. அது வேண்டாமுங்க. எழுதாதீங்க."

"ஏனுங்க, கெடைக்கறதை யாராச்சும் வேண்டாம்பாங்களா?"

"இருபத்தோராயிரத்தைத் தாண்டிருமுங்க. அப்புறம் அவளை எங்க கூட்டிட்டுப் போறது?"

அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அது நடப்பது இவருடைய இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டில். 2017 ஜனவரியிலிருந்து இ.எஸ்.ஐ.க்கான சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று அதில் ஆறாறு மாதக் கணக்கு. நடுவில் சம்பளம் தாண்டினால் அந்தக் கணக்கு முடியும்வரை பிடித்தம் ஓடும். புதுக் கணக்கு பிறக்கும்போது பெயர் விழுந்துவிடும். அவர் வாங்கிக்கொண்டிருந்தது 20,800.

கோயமுத்தூரில் சின்னச் சின்னப் பட்டறைகளுக்கு இ.எஸ்.ஐ., பி.எஃப். சலான் போட்டுக் கொடுப்பது இருபத்தாறு வருஷமாக என் தொழில். சம்பளம் போதவில்லை என்று கேட்டு நின்ற முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஏற்றிய சம்பளத்தைக் குறைக்கச் சொல்லி இறைஞ்சிய முகம் எனக்கு அன்றைக்கு முதல் தடவை. அப்புறம் அதே வருஷத்தில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

லேத்துக்காரர் கணக்கைப் பாருங்கள். தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம்: 156 ரூபாய். முதலாளி பங்கு மூன்றேகால் சதவீதம்: 676 ரூபாய். ஆக மொத்தம் 832 ரூபாய். ஒரு குடும்பத்துக்குக் காய்ச்சல் மருந்திலிருந்து டயாலிசிஸ் வரை அந்த 832 ரூபாய்க்குள் ஓடுகிறது. சம்பளம் 200 ரூபாய்க்கு மேல் ஏறினால் சில மாதத்தில் அத்தனையும் நின்றுபோகும். "பெரியாஸ்பத்திரியிலும் டயாலிசிஸ் இருக்குங்களே" என்றேன். "இருக்குதுங்க. ஆனா இப்பப் போற எடத்துல அவ கையில எந்த நரம்புல ஊசி ஏறும்னு அந்தப் பொண்ணுகளுக்குத் தெரியுமுங்க. திரும்ப மொதல்ல இருந்தா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நான் வளர்ந்தது சிங்காநல்லூரில். அப்பா மில்லில் ஸ்பின்னிங். தமிழ்நாட்டிலேயே இ.எஸ்.ஐ. முதன்முதலில் வந்தது எங்கள் கோயமுத்தூருக்குத்தான், 1955இல். மில் சங்கு ஊதிய ஊர் அல்லவா, இங்கேதானே தொடங்கியிருக்க முடியும். டிஸ்பென்சரிக்குப் போகும்போது வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுபோக வேண்டும். கம்பவுண்டர் அதில் சிவப்புத் தண்ணி மருந்து ஊற்றித் தருவார். வரிசை நீளம்தான், டாக்டர் முகம் பார்க்க ஒரு நிமிஷம்தான். ஆனாலும் அந்த வரிசையில் எங்கள் அம்மா பயமில்லாமல் நின்றாள். கையில் காசு இல்லாத நாளிலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்கிற தைரியம் அந்த இ.எஸ்.ஐ. அட்டையில் இருந்தது.

1994இல் அப்பாவின் மில் மூடிக்கொண்டது. வேலை போன கொஞ்ச காலத்தில் அட்டையும் செல்லாததாகிவிட்டது. பஞ்சுத் தூசு மட்டும் நுரையீரலைவிட்டுப் போகவில்லை. நான்கு வருஷம் கழித்து மூச்சுத் திணறி ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தார். இருகூரில் வாங்கிப் போட்டிருந்த மூன்று சென்ட் இடம் அந்தப் பதினோரு நாளில் போயிற்று. முப்பது வருஷம் சம்பளத்தில் பிடித்துக் கட்டிய மனுஷனுக்கு, நோய் முற்றிய காலத்தில் உரிமை இல்லை. இந்த ஏற்பாட்டில் ஏதோ அடிப்படையிலேயே தப்பு என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

இதே மாதிரிச் சந்தாவில் தொடங்கி வேறு பக்கம் போன ஊர் ஒன்று உண்டு: வேல்ஸ் நாட்டில் ட்ரெடிகர் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். அங்கே தொழிலாளிகள் கூலியில் கொஞ்சம் கொஞ்சம் போட்டுத் தங்களுக்கென்று ஒரு மருத்துவ உதவிச் சங்கம் வைத்திருந்தார்கள். சங்கமே டாக்டரை அமர்த்தியது, ஆஸ்பத்திரி நடத்தியது. அந்த ஊர்ச் சுரங்கத் தொழிலாளி அனாய்ரின் பெவன் பின்னாளில் பிரிட்டன் சுகாதார அமைச்சர் ஆனார். 1948 ஜூலை 5 அன்று அவர் தொடங்கிய தேசிய சுகாதார சேவை, தன் ஊர்த் தொழிலாளிகள் அனுபவித்ததை நாட்டுக்கே திறந்துவிட்டது. என்ன சம்பளம், எந்த மில், அட்டை எங்கே என்ற கேள்விகள் போயின. செலவு பொது வரியிலிருந்து. இன்றைக்கு அங்கே அறுவைச் சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள், குறை சொல்கிறார்கள். ஆனால் அதை மூடச் சொல்லி ஓட்டுக் கேட்க எந்தப் பெரிய கட்சிக்கும் துணிவில்லை.

நமக்கும் அந்த யோசனை தெரியாமல் இல்லை. 1943இல் ஜோசப் போர் தலைமையில் அமைத்த சுகாதாரக் குழு, 1946இல் கொடுத்த அறிக்கையிலேயே, பணம் கட்ட முடியாத காரணத்தால் யாருக்கும் வைத்தியம் மறுக்கப்படக் கூடாது என்று அடித்தளம் போட்டது. சென்னையின் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். அறிக்கை வந்த இரண்டே வருஷத்தில் இ.எஸ்.ஐ. சட்டம். சுரங்கத்து ஏற்பாடு ஊருக்குப் போனதுபோல, மில் ஏற்பாடும் இங்கே தெருவுக்கு வந்திருக்க வேண்டும். நம்முடையது மில் கேட்டிலேயே நின்றுவிட்டது. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்துக்குத்தான் கட்டாயம் என்பதால், ஒன்பது பேரோடு பதிவேட்டை நிறுத்திக்கொள்கிற பட்டறைகளும் உண்டு. அப்படிச் சிலதை எழுத நானே மறுத்திருக்கிறேன்.

மில் கேட்டுக்கு வெளியே இருப்பவர்களில் ஒருவர் என் சித்தப்பா. சோமனூருக்குப் பக்கத்தில் ஆறு தறி. ஜாப் ஒர்க்குக்கு ஓட்டுகிறார். பாவும் நூலும் ஜவுளிக்காரருடையது, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. கரண்ட் பில், தார்க்குச்சி, ரிப்பேர் எல்லாம் இவர் தலையில். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் இரண்டு ஷிப்ட். உடம்பால் தொழிலாளி, காகிதத்தில் 'தறி ஓனர்'. ஆகவே இ.எஸ்.ஐ. கிடையாது.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பீர்கள். 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்து, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக மாறி, இன்றைக்குக் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை தருகிற ஏற்பாடு. எத்தனையோ வீட்டின் தாலிக்கொடியை அது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் குடும்ப வருமானம் வருஷம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், அதற்கு வி.ஏ.ஓ. சான்று வேண்டும். சித்தப்பா வீட்டுக்கு வந்த வி.ஏ.ஓ. தறிக் குடோனைப் பார்த்தார். அவர் மேல் குற்றமில்லை, ஆறு தறி ஓடுகிற வீட்டை ஏழை வீடு என்று அவர் எப்படி எழுதுவார்? சித்தப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது இரண்டு தறி பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. எடை போட்டு வண்டியில் ஏற்றும்போது சித்தி வாசலுக்கே வரவில்லை.

ஏழை என்றால் அட்டை, மாதச் சம்பளக்காரர் என்றால் இ.எஸ்.ஐ., வசதி என்றால் பாலிசி. மூன்றுக்கும் நடுவில் விழுகிறவர்கள்தான் கொங்கு நாட்டில் அதிகம். தறி ஓட்டுகிறவர், ஆட்டோக்காரர், இட்டிலிக் கடை வைத்திருப்பவர், நாலு ஏக்கர் தென்னையும் கடனுமாக இருக்கிற காட்டுக்காரர்.

யாரென்று கேட்காமல் வைத்தியம் பார்த்தால் ஊர் தாங்காது என்று ஒரு வாதம் உண்டு. கேட்காமலேயே நடக்கிறவை நம்மிடம் பல இருக்கின்றன. 2008 செப்டம்பரில் வந்த 108 வண்டி உங்கள் வருமானத்தைக் கேட்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்துத் தடுப்பூசிக்குச் சான்று வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரர், எந்த மாநிலத்தார், அட்டை உண்டா என்பதெல்லாம் இல்லை. பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரம் அரசு செலவு. தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை.

என் அக்கா மகன் பல்லடம் ரோட்டில் விழுந்தபோது அப்படித்தான் பிழைத்தான். மண்டை, தொடை எலும்பு. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். 49ஆவது மணியில்தான், "காப்பீட்டு அட்டை இருக்குதுங்களா?" என்று ஒரு பெண் மரியாதையாகக் கேட்டாள். இருந்தது. இல்லாத இன்னொரு குடும்பம் அதே வராந்தாவில் போன் மேல் போன் போட்டுக் கடன் கேட்டுக்கொண்டிருந்தது. அடிபட்ட எலும்புக்கு நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்று, சிங்காநல்லூரிலேயே நடந்தது. 2020இல் கொரோனா வந்தபோது எங்கள் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியைக் கொரோனா மருத்துவமனையாக்கினார்கள். 1955 முதல் சந்தாக்காரருக்கு மட்டும் என்று இருந்த ஏற்பாட்டின் கதவு, எல்லாருக்கும் திறந்தது. திருப்பூர், நீலகிரியிலிருந்தெல்லாம் வந்து படுத்தார்கள். பனியன் கம்பெனித் தையல்காரரும் பங்களாக்காரரும் ஒரே வார்டில் ஆக்சிஜன் வாங்கினார்கள். 2021 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் கவச உடை போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்ததும் அங்கேதான். தொற்று அடங்கியதும் பழையபடி ஐ.பி. நம்பர் கேட்கிற ஆஸ்பத்திரியாயிற்று.

நான் கணக்கெழுதும் முதலாளி ஒருவர், நல்ல மனுஷர், இந்தப் பேச்சு எடுத்தால் கொதிப்பார். "ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்க நான் எதுக்குங்க வரி கட்டணும்?" அவருடைய வருமான வரியின் மேல் ஏற்கனவே சுகாதாரம், கல்விக்கென்று 4 சதவீதம் செஸ் விழுகிறது. அவர் மட்டுமா கட்டுகிறார்? அவர் பட்டறையைக் கூட்டுகிற அம்மா போன் ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி கட்டாதவர் என்று இந்த ஊரில் யாரும் கிடையாது.

தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் மருத்துவத்துறைக்கு ஒதுக்கியது 21,906 கோடி ரூபாய். ஏழே முக்கால் கோடிப் பேர் என்று வைத்து வகுத்தால் தலைக்கு மாதம் 235 ரூபாய் வாக்கில். லேத்துக்காரரின் 832 ரூபாயை வீட்டில் நாலு பேருக்கு வகுத்தால் 208. மருத்துவக் கல்லூரிச் செலவு வரை அடங்கிய தொகையையும் ஒரு சந்தாவையும் அப்படியே ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் எட்டாத உயரத்தில் இருக்கிற தொகை இது இல்லை என்பதற்கு எனக்கு இந்தக் கணக்கு போதும். இதற்குமேல் நாம் கைக்காசும் போடுகிறோம்: 2021-22இல் நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேரே பையிலிருந்து கொடுத்தது. அதாவது கட்டத்தான் செய்கிறோம். நோயில் விழுந்த அன்றைக்கு, நகையை விற்றுக் கட்டுகிறோம். 2025க்குள் அரசுகளின் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவது என்று 2017 தேசியக் கொள்கை எழுதி வைத்தது. 2021-22இல் அது 1.84.

கூடுதல் பணத்தைக் காப்பீட்டுப் பிரீமியமாகக் கொடுப்பதா, அரசு ஆஸ்பத்திரியில் போடுவதா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக மருந்து வாங்கி, கிடங்கு கிடங்காகப் பிரித்துக் கொடுக்கிறது. அம்மாவின் சர்க்கரை மாத்திரை, 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்த அட்டையில் மாதாமாதம் வருகிறது. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு, எங்கள் தெருவுக்கே அதைக் கொண்டு வருகிறார்கள். பிரீமியம் கொடுத்திருந்தால் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்த பிறகுதான் அது வேலை செய்திருக்கும்.

தனியார் டாக்டர்கள் பயத்தையும் தள்ளிவிட மாட்டேன். 2023 மார்ச்சில் ராஜஸ்தான் சுகாதார உரிமைச் சட்டம் கொண்டுவந்தபோது அங்கே அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவசர சிகிச்சை கொடு என்கிறீர்கள், பில்லை யார், எப்போது தருவார் என்பது நியாயமான கேள்வி. அவிநாசி ரோட்டில் பெரிய கட்டடங்களில் பாதி ஆஸ்பத்திரி. அவர்களைத் தவிர்த்து இந்த ஊரில் எதுவும் நடக்காது. இந்தச் சுமையை ஒரு நல்ல மனிதரின் தோளில் ஏற்றுவதும் வழியாகாது. சித்தாபுதூரில் இருபது ரூபாய்க்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பாலசுப்பிரமணியம் 2016 நவம்பரில் இறந்தபோது தெரு கொள்ளாத கூட்டம், சுவரெல்லாம் போஸ்டர். நானும் போயிருந்தேன். அழுகைக்கு நடுவே ஒரு பாட்டி, "இனி யாரு கிட்டச் சாமி போறது?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

தாய்லாந்து 2002இல் சட்டம் போட்டு ஒரு காரியம் செய்தது. மாதச் சம்பளக்காரரின் சந்தாத் திட்டத்தையும் அரசு ஊழியர் திட்டத்தையும் அப்படியே விட்டுவிட்டு, அவற்றில் சேராத அத்தனை பேரையும் வரிப்பணத்தில் ஒரே திட்டத்துக்குள் கொண்டுவந்தது. தொடங்கியபோது ஆஸ்பத்திரிக்குப் போனால் 30 பாட், அவ்வளவே. சம்பளம் ஏறினாலும் வேலை போனாலும் மனுஷன் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போவான், வெளியே விழமாட்டான். இ.எஸ்.ஐ. வரம்பை 30,000 ஆக்கப்போவதாக இங்கே பேச்சு ஓடுகிறது. ஆக்கட்டும். அப்புறம் 29,800 வாங்குகிற ஒருவர் என் மேசைக்கு வருவார்.

லேத்துக்காரர் சொன்னதை முதலாளியிடம் சொன்னேன். வெகுநேரம் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரிங்க, போடாதீங்க" என்றார். அக்டோபர் கணக்கில் லேத்துக்காரர் பெயருக்கு நேரே 20,800 என்றே அடித்தேன். அவரிடம் தொழில் கற்றுக்கொண்ட பையன் அடுத்த வரியில். இன்னும் கல்யாணமாகவில்லை. அவனுக்கு 21,500.