உஷார்! மாஸ்டர்ஸை விட்டு ஆறு மாதச் சான்றிதழுக்கு மாறச் சொல்கிறார்களா?

உங்கள் பிள்ளை ஆஸ்திரேலியாவில் இலக்கியமோ வரலாறோ தத்துவமோ மேற்படிப்பு படிக்கிறதா? போகத் தயாராகிறதா? அடுப்பைச் சிறியதாக வைத்துவிட்டு வந்து இதைப் படியுங்கள்.

'கிராஜுவேட் சர்டிஃபிகேட் இன் ஆர்ட்ஸ்' என்று ஒரு படிப்பு அங்கே உண்டு. பட்டம் முடித்தவர்களுக்கானது. பெரும்பாலும் நாலு பாடம், ஆறு மாதம். ஆய்வேடு கிடையாது. வகுப்புக்குப் போய் கட்டுரை எழுதிக் கொடுத்தால் முடிந்தது. படிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தப்பான நேரத்தில் அதற்கு மாறினால், விசாவே போய்விடும்!

தெரிந்த குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

டெல்டா பக்கத்துப் பெண். பி.ஏ. ஆங்கிலத்தில் நல்ல மார்க். வீட்டுப் பத்திரத்தை பேங்கில் வைத்து லோன் வாங்கி, இரண்டு வருட மாஸ்டர்ஸுக்கு அனுப்பினார்கள். முதல் செமஸ்டரே அவளைத் திணறடித்தது. இங்கே நோட்ஸ் படித்து பரீட்சை எழுதிப் பழகிய பிள்ளை. அங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் நீள நீளமாகக் கட்டுரை, சொல்வதற்கெல்லாம் ஆதாரம் காட்ட வேண்டும். ராத்திரியில் கடை வேலை வேறு. மூன்று பாடம் பாஸ், ஒன்று போய்விட்டது. வீட்டில் சொல்ல பயம். அதற்குள் அடுத்த செமஸ்டர் ஃபீஸ் கட்டச் சொல்லி மெயில் வந்துவிட்டது.

ஊரிலிருந்த ஏஜென்ட்டுக்கு போன் போட்டாள். "எதுக்கும்மா கஷ்டப்படுற? மாஸ்டர்ஸை விட்டுட்டு சர்டிஃபிகேட்டுக்கு மாறிக்கோ. இன்னும் ஒரே ஒரு பேப்பர்தானே? அதுவும் பி.ஜி.தான். ஃபீஸ் மிச்சம். முடிச்சுட்டு ஒர்க் விசா போட்டுக்கலாம்" என்றார் அவர்.

கேட்க நியாயமாக இருக்கிறது, இல்லையா? அவள் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. ஃபாரம் நிரப்பினாள். பல்கலைக்கழகமும் மாற்றிக் கொடுத்தது.

பல்கலைக்கழகம் சரி என்றால் விசாவும் சரி என்று அர்த்தமில்லை!

இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். படிப்பை மாற்றிக் கொடுப்பது பல்கலைக்கழகம். விசா கொடுப்பது அந்நாட்டு உள்துறை. ஆஸ்திரேலியாவில் படிப்புகளை 1 முதல் 10 வரை நிலைகளாக வைத்திருக்கிறார்கள். மாஸ்டர்ஸ் 9-ஆம் நிலை. கிராஜுவேட் சர்டிஃபிகேட் 8-ஆம் நிலை. மாணவர் விசாவில் 8202 என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. எந்த நிலைப் படிப்புக்காக விசா கொடுத்தார்களோ, அதே நிலையிலோ அதற்கு மேலோதான் படிக்க வேண்டும். கீழே இறங்குவதென்றால் முதலில் புது மாணவர் விசா வாங்க வேண்டும். அதற்கான கட்டணம் 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்பாது.

இது எதுவும் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. 'உங்கள் விசாவை ஏன் ரத்து செய்யக் கூடாது?' என்று நோட்டீஸ் போனது. எங்கே போனது தெரியுமா? விசா விண்ணப்பத்தில் ஏஜென்ட் கொடுத்திருந்த அவருடைய மெயிலுக்கு! பதில் சொல்ல வேண்டிய நாட்கள் அவளுக்குத் தெரியாமலே ஓடிவிட்டன. விசா ரத்து. நிபந்தனை மீறி ரத்தானால் 3 வருடம் வரை அந்த நாட்டின் தற்காலிக விசாக்களும் கிடைக்காமல் போகலாம். இருபத்து மூன்று வயதில் அந்தக் குழந்தை பெட்டியோடு வந்து இறங்கியபோது அவள் அப்பா ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் அவர் இல்லை.

ஊருக்கு வந்தபிறகும் துன்பம் விடவில்லை. கல்விக்கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும்தான் தவணைக்கு விலக்கு. படிப்பு பாதியில் நின்றதால், பின்னால் ஆரம்பிக்க வேண்டிய கணக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. சரி, கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகப் போகலாம் என்று பார்த்தால், எம்.ஏ. எங்கே என்று கேட்கிறார்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்கும் முதுகலைப் பட்டம் வேண்டும். கிராஜுவேட் சர்டிஃபிகேட் எம்.ஏ. ஆகாது. எத்தனை பெரிய பல்கலைக்கழகத்து முத்திரை இருந்தாலும் ஆகாது.

அந்த ஒர்க் விசா விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். அதுதான் எனக்கு அதிகமாக வயிறு எரிகிற இடம். படித்து முடித்தவர்களுக்கான 485 விசாவுக்கு, வெளிநாட்டு மாணவர்களுக்கென்று பதிவான படிப்பில் குறைந்தது 92 வாரம் படித்திருக்க வேண்டும். அதுவும் 16 மாதங்களுக்குக் குறையாமல் அங்கே இருந்து படித்திருக்க வேண்டும். ஆறு மாதச் சான்றிதழ் எந்த மூலைக்கு? 2024 ஜூலை முதல் வயது வரம்பும் பெரும்பாலானவர்களுக்கு 35 ஆகிவிட்டது. வேலையை விட்டுவிட்டு முப்பத்தெட்டு வயதில் படிக்கக் கிளம்புகிற ஆசிரியர்களே, உங்களுக்கும்தான் சொல்கிறேன்!

"அப்போ லண்டனுக்கு அனுப்பறோம்" என்கிறீர்களா? அங்கேயும் பார்த்துப் போங்கள். முழு மாஸ்டர்ஸ் 180 கிரெடிட், போஸ்ட்கிராஜுவேட் சர்டிஃபிகேட் 60 கிரெடிட். ஆசிரியர் பயிற்சி, சட்டம் போன்ற சிலவற்றைத் தவிர, இந்தக் குறுகிய சான்றிதழை வைத்துக்கொண்டு அங்கே படிப்புக்குப் பிந்தைய கிராஜுவேட் விசா வாங்க முடியாது.

இனி, யாராவது இப்படிப் பேசினால் உடனே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

"அதுவும் பி.ஜி.தான்" என்பார்கள். எத்தனையாவது நிலை, எத்தனை வாரம் என்று எண்ணில் கேளுங்கள். எண் சொல்லாமல் மழுப்புகிறவரிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்!

க்ரைகோஸ் எண் என்னவென்று கேட்டால் பேச்சை மாற்றுகிறார்களா? ஆபத்து! மாணவர் விசாவில் படிக்கிற ஒவ்வொரு படிப்புக்கும் அந்தப் பதிவு எண் இருந்தாக வேண்டும். பல குறுகிய சான்றிதழ்கள் உள்ளூரில் வேலை பார்ப்பவர்கள் பகுதி நேரமாகவோ ஆன்லைனிலோ படிப்பதற்காக வைத்தவை. அவற்றுக்கு அந்த எண்ணே இருக்காது. க்ரைகோஸ் பட்டியல் இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. நீங்களே பாருங்கள்.

"மெயில் ஐ.டி. நானே உருவாக்கித் தரேன்" என்கிறாரா? வேண்டவே வேண்டாம். எல்லா விண்ணப்பத்திலும் பிள்ளையின் சொந்த மெயில், சொந்த பாஸ்வேர்ட்.

விசா பற்றி உறுதி கொடுக்கிற ஏஜென்ட் எழுத்தில் கொடுக்கத் தயங்குகிறாரா? அங்கே விசா ஆலோசனை சொல்ல, பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட்டாகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். அட்மிஷன் வாங்கித் தருகிறவர் வேறு, அவர் வேறு.

இந்தப் படிப்பு யாருக்கு நல்லது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கேயே நிரந்தரமாகக் குடியிருந்து, வேலை பார்த்துக்கொண்டே கலை வரலாறோ மொழியியலோ படிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அருமையான படிப்பு. பொறியியல் முடித்துவிட்டு மனம் இலக்கியத்துக்குத் தாவினவர்களுக்கும் நல்ல நுழைவாயில். சில இடங்களில் சான்றிதழில் முடித்த பாடங்களை டிப்ளமோவுக்கும் மாஸ்டர்ஸுக்கும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். இப்படிக் கீழிருந்து மேலே ஏறலாம். விசாவில் இருக்கிற பிள்ளை மேலிருந்து கீழே இறங்குவதுதான் பள்ளம்.

பெற்றோர்களே, இதையும் கேளுங்கள். ஒரு பாடம் தோற்றால் விசா உடனே போய்விடாது! பின்தங்குகிற வெளிநாட்டு மாணவர்களைக் கண்டறிந்து கைதூக்கிவிட ஏற்பாடு வைத்திருக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகங்களுக்கான விதி. உடல்நிலை, வீட்டில் மரணம் போன்ற வலுவான காரணம் இருந்தால் முறைப்படி விடுப்பு கேட்கலாம், பாடச்சுமையைக் குறைக்கச் சொல்லலாம். அந்தப் பெண் பல்கலைக்கழகத்தில் உதவி கேட்டிருந்தால் இன்று மூன்றாவது செமஸ்டரில் இருந்திருப்பாள். வீட்டில் திட்டுவார்களோ என்று பயந்துதான் ஏஜென்ட்டுக்கு போன் போட்டாள். அவள் அம்மா என்னிடம் சொல்லி அழுதது இதைத்தான்.

ஏற்கெனவே மாறிவிட்டார்களா? ஒளிக்காதீர்கள். தாமதிக்காதீர்கள். வீவோ என்ற அரசுத் தளத்தில் விசா நிலையையும் நிபந்தனைகளையும் இன்றே பார்க்கச் சொல்லுங்கள். பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கு நேரில் போகச் சொல்லுங்கள். பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்ட் ஒருவரிடம் காகிதங்களைக் காட்டச் சொல்லுங்கள். பல்கலைக்கழகம் சரியாக நடத்தவில்லை என்றால், 2025 பிப்ரவரியிலிருந்து தேசிய மாணவர் குறைதீர்ப்பாளர் அங்கே செயல்படுகிறார். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

இன்று ராத்திரி போன் பேசும்போது "சாப்பிட்டியா?" என்று கேட்டு முடித்ததும் இதையும் கேளுங்கள்: "உன் சி.ஓ.இ.யில இப்போ எந்தப் படிப்போட பேர் இருக்கு?" பதில் வர ஒரு நொடி தாமதமானாலும், திட்டாமல், அந்தச் சி.ஓ.இ.யை, அதாவது பல்கலைக்கழகம் கொடுத்த சேர்க்கை உறுதிச் சான்றை, அப்படியே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.