விசா வரும்வரை ஒரு கதை

வெள்ளவத்தையில் ஐந்து பேரை ஒரே மேசைக்கு இரண்டு வருடம் தொடர்ந்து வரப்பண்ணுவது லேசுப்பட்ட காரியமல்ல. ஒருவருக்கு ஏ.எல். சோதனை வரும். ஒருவருக்கு வேலையிடத்தில் நேரம் மாறும். ஒருவருக்குச் சாதகம் பொருந்திக் கலியாணம் சரிவரும். இவை ஒன்றும் வராவிட்டால் விசா வரும். அப்படியான ஊரில் இரண்டு வருடம் ஓடவேண்டிய ஒரு கதையைத் தொடங்குகிறவர், வில்லன் யாரென்று யோசிக்க முன்னர், இருக்கிறவர்களில் யார் எப்போது வெளிக்கிடப் போகிறார் என்று யோசித்துவிடுவது நல்லது.

கதை என்று நான் சொல்வது மேசையைச் சுற்றியிருந்து வாயால் ஆடும் கதையை. 1974இல் அமெரிக்காவில் கெரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் இருவரும் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’தான் இந்த வகையில் மூத்தது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் பெடியள் வீட்டின் கீழறையில் இருந்து பகடை உருட்டுவார்களே, அதே விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். அவரை டிஎம் என்பார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். ‘மதிலேறிக் குதிக்கிறன்’ என்று நீங்கள் சொன்னால், குதித்தீர்களா காலை முறித்தீர்களா என்பதை இருபது முகப் பகடை தீர்க்கும். ஒரு அமர்வு மூன்று நான்கு மணித்தியாலம். அடுத்தது விட்ட இடத்திலிருந்து. இப்படி மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இழுபட்டுப் போவதுதான் கேம்பெய்ன்.

புதிதாக டிஎம் ஆகிறவர்கள் பெரும்பாலும் நாவல் எழுதத் தொடங்கிவிடுவார்கள். முதலாம் அமர்வில் கொலை, ஐந்தாவதில் துரோகம், பத்தாவதில் துரோகி பிடிபடுவது, இருபதாவதில் பெரிய சண்டை. கொப்பி நிறைய எழுதிக்கொண்டு வந்து இருந்தால், இரண்டாவது அமர்விலேயே ஒருத்தி ‘இந்த முதலியாரின்ர முழியே சரியில்லை, நான் இவருக்குப் பின்னால போறன்’ என்பாள். பகடையில் இருபது விழும். பத்தாவது அமர்வின் ரகசியம் அந்த இடத்திலேயே உடையும். இனி இரண்டே வழி: கொப்பியைக் கிழிப்பது, அல்லது அவள் கண்டதைக் காணாததாக்குவது. இரண்டாவதைச் செய்தால் மேசையில் இருக்கிறவர்களுக்கு உடனே மணந்துவிடும். தாங்கள் என்ன செய்தாலும் கதை தன் பாட்டில் போகும் என்று தெரிந்தபின் ஆர் மினக்கெட்டு வரப்போகிறார்கள்?

பெரிய கம்பனிக்காரரும் இதில் மாட்டுப்பட்டிருக்கிறார்கள். 1984இல் வரத்தொடங்கிய ‘டிராகன்லான்ஸ்’, பத்துக்கு மேற்பட்ட புத்தகங்களாக நீளும் ஒரே கதை. மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் அதை நாவலாகவும் எழுதினார்கள், சக்கைபோடு போட்டது. விளையாட்டில்தான் சிக்கல். பின்னுக்கு வரும் அத்தியாயங்களுக்கு வேண்டிய ஆட்கள் முன்னுக்கே செத்துவிடக்கூடாது. ஆகவே அவர்கள் சாகும்போது உடல் யாருடைய கண்ணிலும் படாதபடி சாகவேண்டும், பிறகு உயிரோடு வந்து நிற்கலாம் என்று ஒரு விதியே போட்டார்கள். மலையுச்சியிலிருந்து விழுந்த கதாநாயகன் இடைவேளைக்குப் பிறகு தாடியோடு வருகிற அதே சங்கதி.

கொழும்புத் தமிழருக்குத் தொடர்கதை புதிதில்லை. இலங்கை வானொலியில் சானாவின் ‘லண்டன் கந்தையா’வைக் கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று இருந்தது. அதற்குப் பிறகு எஸ். ராம்தாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’. 1976இல் அது ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. மரிக்காராக ராம்தாஸ், உபாலியாகச் செல்வசேகரன், அப்புக்குட்டியாக ராஜகோபால், ஐயராக பி.எச். அப்துல் ஹமீத். அந்தத் தொடரில் என்ன நடந்தது என்று இன்று அறுபது தாண்டியவர்களைக் கேட்டால் தலையைச் சொறிவார்கள். ஆனால் முஸ்லிம் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், யாழ்ப்பாணத்துத் தமிழ், பிராமணத் தமிழ் என்று நாலு பேச்சும் ஒன்றோடொன்று கொளுவுப்பட்டதை நடித்தே காட்டுவார்கள். மரிக்கார் ராம்தாஸ், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பெயர் ஆளின் பெயரோடு ஒட்டியே போய்விட்டது. வானொலியில் பேனா ஒருவர் கையில் இருந்தது, மேசையில் அது ஐந்து பேர் கையில் இருக்கிறது. அந்த வித்தியாசம் பெரிதுதான். என்றாலும் நீண்ட தொடரைத் தாங்குவது சம்பவமல்ல, ஆட்கள்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆட்களைத் தவிர இன்னொன்றும் வேண்டும்: காலம். கைகாக்ஸ் 1979இல் எழுதிய டிஎம் கையேட்டில் அவர் கத்தாத குறையாக வற்புறுத்தும் விஷயம், விளையாட்டுக்குள் ஓடும் நாட்களைச் சரியாகக் கணக்கு வையுங்கள் என்பது. அதில்லாமல் கேம்பெய்னே இல்லை என்பது அவர் கட்சி. 2010இல் வின்சன்ட் பேக்கர் ‘அபோகலிப்ஸ் வேர்ல்ட்’ என்ற விளையாட்டில் இதை இன்னும் கூர்மையாக்கினார். ஆட்டக்காரர் ஒன்றும் செய்யாமல் இருந்தால் என்னென்ன கேடு எந்த ஒழுங்கில் வரும் என்று ஒரு மணிக்கூட்டு முகத்தை வரைந்து குறித்துவைப்பது. கட்டம் கட்டமாக அது நிரம்பும். ஆட்டக்காரர் குறுக்கே புகுந்தால் நிற்கும், அல்லது திசை மாறும்.

இந்த இரண்டையும் வைத்துத்தான் எங்கள் மேசைக்கு 1883ஆம் ஆண்டுக் கொட்டாஞ்சேனையை எடுத்தேன். ‘அண்ணை, டிராகன் இல்லையா?’ என்று இளையவன் கேட்டான். டிராகனுக்கு அங்கே என்ன தேவை? துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டுகொண்டிருக்கிறது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் முதற்கல் வைத்த வேலை. புனித லூசியாள் பேராலயம் இன்னும் கட்டி முடியவில்லை. கிட்டவே தீபதுத்தாராம விகாரை. 1873இல் பாணந்துறை வாதத்தில் பேர்பெற்ற மிகெட்டுவத்தே குணானந்த தேரர் இருந்த இடம். மலையகத்தில் 1869 முதல் இலைநோய் கோப்பிச் செடியைத் தின்று வருகிறது. கோப்பியை நம்பிக் கடன் கொடுத்தவர்கள் கையைப் பிசைகிறார்கள்.

நான் எழுதிவைத்தது நாலு திகதிதான். 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு: விகாரைக்கு வந்த பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கருக்கும் இடையில் கொட்டாஞ்சேனைக் கலவரம். அதே வருடம் ஆகஸ்ட் 27: கிரகடோவா எரிமலை வெடித்த சத்தம் இலங்கைவரை கேட்ட நாள், தென்கரையில் கடல் உள்வாங்கித் திரும்பியது. 1884 மே: ஓரியண்டல் பாங்க் முறிகிறது. ஊரெல்லாம் அதன் நோட்டுத்தான் புழக்கத்தில். கடைசியில் ஆளுநர் ஆதர் கோர்டன் அந்த நோட்டுகளுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். 1885 ஏப்ரல் 28: வெசாக் விடுமுறை கிடைத்த முதல் வருடம், தீபதுத்தாராமத்தில் பௌத்தக் கொடி ஏறிய நாள்.

எரிமலையையும் வங்கியையும் ஆட்டக்காரரால் தடுக்க முடியாது. ஆனால் அந்த நேரத்தில் தங்கள் ஆட்கள் எங்கே நிற்கிறார்கள், கையில் நோட்டு இருக்கிறதா வெள்ளிக்காசு இருக்கிறதா என்பது அவர்கள் பாடு. செட்டியார் தெருவில் கணக்கெழுதும் பாத்திரமாக விளையாடியவள், வங்கி ஆட்டங்காணுவதை மூன்று அமர்வுக்கு முன்னரே மோப்பம் பிடித்துவிட்டாள். பிடித்ததை மற்ற நாலு பேருக்கும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நடந்த சண்டையை நான் எந்தக் கொப்பியிலும் எழுதியிருக்க முடியாது. அரைமணித்தியாலம் நான் வாயே திறக்கவில்லை, இருந்து ரோல்ஸ் சாப்பிட்டேன்.

கலவரம் வேறு விஷயம். அதற்குத்தான் மணிக்கூடு போட்டேன்: வதந்தி, மொட்டைக் கடிதம், ஊர்வலத்துக்கு அனுமதி கிடைக்கிறதா இல்லையா என்ற இழுபறி, தெருவில் ஆள் சேருவது. ஒவ்வொரு கட்டத்திலும் தலையிட இடம் உண்டு. தொடங்க முன்னர் எல்லோரையும் இருத்தி, இதை விளையாடலாமா என்று வெளிப்படையாகக் கேட்டேன். 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த ஊர் இது. கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவர்களுக்கு அந்த நாள் விளையாட்டல்ல. 1983 ஆடிக் கலவரத்தை நான் தொடாமல் நூறு வருடம் பின்னுக்குப் போனதற்கும் காரணம் அதுதான். மேசையில் இருக்கும் யாருடைய வீட்டிலாவது அந்த ஆடியின் கதை இருக்கும். இரத்தத்தை விவரிப்பதில்லை, கோயிலுக்குள்ளோ விகாரைக்குள்ளோ சண்டை வைப்பதில்லை, யாராவது ‘காணும்’ என்றால் அந்தக் காட்சியை அங்கேயே நிற்பாட்டுவது என்று பேசிக்கொண்டோம். இந்தப் பேச்சை விட்டுவிட்டுத் தொடங்கும் கேம்பெய்ன் எவ்வளவு அழகாகத் திட்டமிட்டாலும் பாதியில் யாரோ ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவார்.

இனி, போகிறவர்கள். ‘வெஸ்ட் மார்ச்சஸ்’ என்று பென் ராபின்ஸ் நடத்திய ஒரு கேம்பெய்ன் இந்த விளையாட்டுக்காரர் மத்தியில் பேர்பெற்றது. நிலையான கூட்டம் கிடையாது. அன்றைக்கு வந்தவர்கள் அன்றைய பயணத்தைப் போவார்கள். ஒரே நிபந்தனை, ஒவ்வொரு அமர்வும் ஊரில் தொடங்கி ஊரில் முடியவேண்டும். வெள்ளவத்தைக்கென்றே செய்த ஏற்பாடுபோல இருக்கிறது. எங்கள் ஆட்டத்தில் ஜம்பட்டா வீதியில் ஒரு சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். எந்த அமர்வும் அங்கே வந்துதான் முடியும். அடுத்த முறை ஒருவருக்கு ரியூஷன் என்றால், அவருடைய ஆள் கடையில் காய்ச்சலோடு படுத்திருப்பார், அவ்வளவுதான். கதவைத் திறந்து இருட்டுக்குள் காலை வைத்த இடத்தில் அமர்வை முடிப்பது திறில்தான். அடுத்த கிழமை இரண்டு பேர் வராவிட்டால் அந்தத் திறிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஒரேயடியாகப் போகிறவர்களுக்கு இது போதாது. துறைமுகத்தில் மூட்டை எண்ணும் கிளாக்கராக விளையாடிய தம்பிக்குக் கனடா விசா வந்தது. ‘அண்ணை, என்ர ஆளைச் சாக்காட்டுங்கோ, பரவாயில்லை’ என்றான். எதற்குச் சாக்காட்ட? 1880களில் யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குக் கப்பலேறத் தொடங்கிவிட்டார்கள். அங்கே தெருப்போட, ரயில்பாதை போட ஆள் வேண்டியிருந்தது. கிளாக்கரும் ஏறினார். இப்போது தம்பி ஸ்காபரோவிலிருந்து வட்ஸ்அப்பில் இரண்டு நிமிடக் குரல் பதிவு அனுப்புவான். மேசையில் அது தைப்பிங்கிலிருந்து வந்த கடிதம். ஒரு கடிதத்தில் அவர் காசு அனுப்புவதாகச் சொல்லிவிட்டு அனுப்பவில்லை; மூன்று அமர்வு அதிலேயே போயிற்று.

கனடாவிலேயே, ஒன்ராறியோவின் லண்டன் நகரில், ரொபேர்ட் வார்ட்ஹோ என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1982இல் தொடங்கிய ஆட்டத்தை நாற்பது வருடமாக நடத்தி வந்திருக்கிறார். தொடங்கியது சஸ்காச்சுவானில், ஊர் மாறியும் ஆட்டம் நிற்கவில்லை. தூரம் போனவர்கள் இணையவழி வந்து சேருவார்கள். கேட்கப் பெருமையாக இருந்தாலும், எல்லோரும் அந்த நீளத்துக்கு ஆசைப்படவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. முடிவுத் திகதி தெரிந்தால்தான் இங்கே ஆட்கள் கையைத் தூக்குவார்கள்.

எங்கள் கணக்கு இது. 1883 ஜனவரியிலிருந்து 1885 ஏப்ரல் வரை கதைக்குள் 28 மாதம். ஒரு அமர்வுக்கு ஒரு மாதம், ஆக 28 அமர்வு. இரண்டு கிழமைக்கு ஒருக்கா இருந்தால் ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் கூட. சோதனைக் காலம், நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிற கிழமைகள், கலியாண வீடுகள் எல்லாம் கழித்தால் ஒன்றரை வருடம். இப்போது வங்கி முறிந்து ஓகஸ்ட் 1884இல் நிற்கிறோம். கிளாக்கரின் இடத்துக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கிறவரின் மகளாக. அவளுக்கும் ஐஇஎல்ரிஎஸ் சோதனை வருகிறது. எத்தனை எடுப்பாள் என்று நான் கேட்கவில்லை; மலாயாவுக்கு இன்னொரு கப்பல் எப்போது என்று மட்டும் குறித்துவைத்திருக்கிறேன்.