கணிப்பொறி மருத்துவர் ஆகுமா?

அறிவியல் நமக்களித்துள்ள புதிய கருவிகளுள் செயற்கை நுண்ணறிவு இன்று முன்நிற்கிறது. ஊடுகதிர்ப் படத்தைப் படிப்பது முதல் நோயாளியின் ஐயங்களுக்கு விடையளிப்பது வரை அதன் பணி மருத்துவத்துள்ளும் விரிந்துள்ளது. அதன் பயன் பெரிதே. ஆயினும் முடிவெடுக்கும் பொறுப்பையே அதனிடம் ஒப்படைக்கலாமா என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அது கற்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும். முன்னைய நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து, எதனோடு எது சேர்ந்து வருகிறது என்று அது கணக்கிடுகிறது. சேர்ந்து வருவதை அறிவது வேறு. காரணத்தை அறிவது வேறு. இடர் இங்கேதான் தோன்றுகிறது.

1990களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் நிமோனியா நோயாளிகளைப் பற்றி ஓர் ஆய்வு நடைபெற்றது. ஆபத்து மிகுந்தோரை மருத்துவமனையில் சேர்க்கவும், குறைந்தோரை வீட்டிலிருந்தே மருத்துவம் பெறச் செய்யவும் கணிப்பொறி வழிகாட்ட வேண்டும் என்பது நோக்கம். பதிவுகளைக் கற்ற நிரல்களுள் ஒன்று வியப்பானதொரு விதியைக் கண்டது. ஆஸ்துமா உள்ளவர்க்கு நிமோனியா வந்தால் இறக்கும் வாய்ப்புக் குறைவு என்பதே அது! பதிவுகளின்படி அது பொய்யன்று. அத்தகையோரை மருத்துவர்கள் உடனே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தனர். அக்கவனிப்பே அவர்களைக் காத்தது. இதனை அறியாத கணிப்பொறி, காத்த பெருமையை ஆஸ்துமாவுக்கே அளித்துவிட்டது! அவ்விதியின்படி நடந்திருந்தால், உடனடிக் கவனிப்பு வேண்டியவர்களே வீட்டிற்கு அனுப்பப்பட்டிருப்பர்.

விதி படித்தறியும் வடிவில் இருந்தமையால் பிழை புலப்பட்டது. மிகத் துல்லியமாகக் கணித்த நரம்பு வலையமைப்போ தன் உள்விதிகளைக் காட்டாதது. அதனுள் இன்னும் எத்தனை பிழைகள் மறைந்துள்ளனவோ என்று அஞ்சிய ஆய்வாளர்கள், அதனை நோயாளிகளிடம் பயன்படுத்தாது விடுத்தனர்.

2019ஆம் ஆண்டு 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வும் நோக்கத்தக்கது. அமெரிக்காவில் பரவலாக வழங்கிய நிரல் ஒன்று, மருத்துவச் செலவையே நோயின் அளவாகக் கொண்டது. கறுப்பின மக்களுக்குச் செலவிடப்படும் தொகை குறைவாதலின், அவர்களது நோயும் குறைவெனக் கணித்தது. இக்குறையை நீக்கினால், கூடுதல் உதவி பெறுவோருள் அவர்களின் பங்கு 17.7 விழுக்காட்டிலிருந்து 46.5 ஆக உயரும் என ஆய்வாளர்கள் காட்டினர். நேற்றைய அநீதி, கணக்கின் வடிவில் இன்று மீண்டும் வந்தது எனலாம்.

தாமே கேட்டுத் தாமே மருந்துண்பார்க்கும் இடர் உண்டு. உணவு உப்பிற்கு மாற்றாக எதனைக் கொள்ளலாம் என்று உரையாடும் நிரலிடம் கேட்ட ஒருவர், மூன்று மாதங்கள் சோடியம் புரோமைடை உண்டு, மனம் பிறழ்ந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தியை அமெரிக்க மருத்துவ இதழொன்று 2025இல் வெளியிட்டது.

'மருந்து' என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். நோயின் காரணத்தை ஆராய்வதையும் வலியுறுத்தினார். செயற்கை நுண்ணறிவுக்கு உரிய இடம் மருந்தின் பக்கம். மருத்துவரின் இருக்கை அன்று. அது சொல்வதைக் கேட்கலாம். கேட்டதை மருத்துவரிடம் காட்டலாம். "ஏன்?" என்று வினவி விடை கண்டு, அதற்குப் பொறுப்பேற்கும் கடமை மனிதருக்கே உரியது. அதனை நாம் கைவிடலாகாது.