தண்ணீருக்குள் தீப்பொறி!

குட்டீஸ்... நாமக்கல் மாவட்டத்தில் உள்ள கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? காரவள்ளி அடிவாரத்தில் இருந்து மேலே ஏற, 70 கொண்டை ஊசி வளைவுகள்! மேலே, அய்யாறு 300 அடி உயரத்தில் இருந்து ஆகாய கங்கை அருவியாகக் கொட்டும்.

மழைக்காலத்தில் இது போன்ற மலைகளில் ஓடைகள் நிரம்பி, தாழ்வான பாதைகளின் மேல் தண்ணீர் பாயும். பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று அந்த ஓடையில் இறங்கினால் என்ன ஆகும் தெரியுமா? 'டுர்... டுர்...' என்று இருமி, நட்டநடுவில் நின்று விடும்! டாங்கில் பெட்ரோல் இருக்கிறது. பேட்டரியும் நன்றாக இருக்கிறது. பிறகு ஏன் நின்றது?

நொடிக்கு நூறு பொறி!

பெட்ரோல் இன்ஜினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்திருக்கும். அதைப் பற்ற வைப்பது, 'ஸ்பார்க் பிளக்' தரும் மின்பொறி. பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தால் இந்தப் பொறியை உண்டாக்க முடியாது. எனவே, 'இக்னிஷன் காயில்' என்ற கம்பிச்சுருள், அதை, 10 ஆயிரம் வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்தும். பிறகு, 'டிஸ்ட்ரிபியூட்டர்' என்ற கருவி, தபால்காரர் வீடு வீடாகக் கடிதம் கொடுப்பது போல, ஒவ்வொரு பிளக்குக்கும் முறை வைத்து மின்சாரத்தை அனுப்பும்.

நான்கு சிலிண்டர் இன்ஜின், நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், ஒரு நொடிக்கு 100 பொறி தேவை. அம்மாடி!

இப்போது ஓடைக்கு வருவோம். ஓடைத் தண்ணீரில் உப்புகள் கரைந்திருப்பதால், அதன் வழியே மின்சாரம் பாயும். பிளக் ஒயரும், டிஸ்ட்ரிபியூட்டரும் நனைந்தால், மின்சாரம் பிளக்குக்குப் போகாமல், குறுக்கு வழியில் இன்ஜினின் இரும்பு உடம்புக்குப் போய் விடும். பொறி இல்லை, இன்ஜினும் இல்லை!

டீசல் இன்ஜினுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது, காற்றை இறுக்கமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்கும்.

டிபன் பாக்ஸ் ரகசியம்!

'டிஸ்ட்ரிபியூட்டரை இறுக்கி மூடி விட்டால் போதுமே' என்று தோன்றுகிறதா? போதாது! காரணம், உங்கள் டிபன் பாக்சிலேயே இருக்கிறது.

சூடான சாதத்தை வைத்து, இறுக்கமாக மூடிப் பாருங்கள். ஆறிய பின், மூடி திறக்க மறுக்கும். உள்ளே இருந்த சூடான காற்று, ஆறியதும் சுருங்கி விடுவதே காரணம். மூடியின் உட்புறம் நீர்த்துளிகளும் நிற்கும்.

ஓடிச் சூடேறிய டிஸ்ட்ரிபியூட்டர், குளிர்ந்த ஓடையில் மூழ்கினாலும் இதேதான் நடக்கும். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சின்ன இடுக்கு இருந்தாலும் தண்ணீரை உறிஞ்சி விடும்!

ராணுவம் கண்ட வழி!

இரண்டாம் உலகப் போரில், 6 லட்சத்துக்கும் அதிகமான ஜீப்கள் தயாராயின. 1944 ஜூன் 6ல், பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் படைகள் இறங்கியபோது, வண்டிகள் கப்பலில் இருந்து கடல் நீரில் இறங்கித்தான் கரை ஏற வேண்டும். அதற்காக, மின் இணைப்புகளின் மேல், தண்ணீர் புகாத பசையை அப்பினர். இன்ஜின் மூச்சு விட, உயரமான குழாய்களைப் பொருத்தினர்.

ஒவ்வொரு முறையும் பசை அப்புவது பெரிய வேலை அல்லவா? போருக்குப் பின், 1950ல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த, 'எம் 38' ஜீப்பில், அந்த ஏற்பாடு வண்டியோடு சேர்ந்தே வந்தது. காயிலும், டிஸ்ட்ரிபியூட்டரும் ஒரே மூடிய கூட்டுக்குள் இருந்தன. பிளக் ஒயர்களுக்கு உலோக உறை. இரு முனைகளிலும் திருகி இறுக்கும் மூடிகள். முக்கியமாக, கூட்டுக்குள் காற்று வந்து போக, தனிக் குழாய்! தண்ணீரை வெளியே நிறுத்தி, காற்றுக்கு மட்டும் வழி விட்டதுதான் சாமர்த்தியம்.

நம் நாட்டில், 1940களின் இறுதியில், மகிந்திரா நிறுவனம் பம்பாயில் ஜீப்களைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. பழைய ஜீப் வைத்திருப்போர், இன்றும் பிளக் ஒயர்களுக்கு ரப்பர் உறை மாட்டி, 'சிலிக்கான் கிரீஸ்' தடவுகின்றனர். புதிய பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் டிஸ்ட்ரிபியூட்டரே கிடையாது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு குட்டிக் காயில் உட்கார்ந்திருக்கும்.

பொறி இருந்தும் பயன் இல்லை!

பொறியைக் காப்பாற்றி விட்டால், எந்த வெள்ளத்திலும் போகலாமா? கூடவே கூடாது! காற்று போகும் வழியில் தண்ணீர் நுழைந்தால், இன்ஜினே பாழாகி விடும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் வழி விடாததால், அதைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்து விடும். டீசல் வண்டிக்கும் இந்த ஆபத்து உண்டு.

வெள்ளத்தின் வேகம் இன்னும் பொல்லாதது. வேகமாக ஓடும் அரை அடி தண்ணீர், பெரியவர்களையே சாய்த்து விடும். இரண்டு அடி வெள்ளம், பெரும்பாலான கார்களை இழுத்துச் சென்று விடும். ரப்பர் உறையும், கிரீசும் அதைத் தடுக்காது. கலங்கிய தண்ணீருக்கு அடியில், பாதை இருக்கிறதா, அரித்துப் போய் விட்டதா என்பதும் தெரியாது.

எனவே குட்டீஸ்... மழையில் மலைப்பயணம் போகும்போது, ஓடை பொங்கிப் பாய்ந்தால், 'கொஞ்ச நேரம் நின்று போகலாம்' என்று பெரியவர்களிடம் தைரியமாகச் சொல்லுங்கள். வீட்டில் வண்டி ஓடும்போது, பிளக் ஒயரைத் தொட்டு விடாதீர்கள். பலமான, 'ஷாக்' அடிக்கும். பிளக்கைப் பார்க்க ஆசையா? வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறிய பின், அப்பாவையோ, மெக்கானிக் மாமாவையோ காட்டச் சொல்லுங்கள். நாளை மதியம் டிபன் பாக்ஸ் திறக்க மறுத்தால், நண்பர்களுக்குக் காரணத்தையும் சொல்லுங்கள். சரியா?