கொத்து ரொட்டிக்குள் எத்தனை கலோரி?

வாப்பாவுக்குச் சீனி வருத்தம் இருப்பதாகக் கிளினிக்கில் சொன்ன அன்று, கையில் ஒரு தாளும் கொடுத்து அனுப்பினார்கள். அதில் நான்காவது வரியில் 'வெளிச் சாப்பாட்டைக் குறைக்கவும்' என்று எழுதியிருந்தது. எவ்வளவு குறைப்பது, எந்தச் சாப்பாட்டைக் குறைப்பது என்பது பற்றி ஒன்றும் இல்லை.

வாப்பா தையற்காரர். காலை பஸ்ஸில் சுருவிலிலிருந்து புறப்பட்டு, மண்கும்பான், அல்லைப்பிட்டி, பண்ணைப் பாலம் எல்லாம் கடந்து யாழ்ப்பாணத்துக் கடைக்குப் போய்ச் சேர்வார். இரவுதான் வீடு திரும்புவார். காலையில் ஒரு பிளேன்ரீயும் ரோல்ஸும், மத்தியானம் சோற்றுப் பார்சல், வேலை கூடிய நாளில் இரவுக்குக் கொத்து. வெளிச் சாப்பாடு என்றால் எங்களுக்குப் பெருநாளைக்கு ஒரு தடவை. வாப்பாவுக்கு அது வாரத்தில் ஆறு நாள் சாப்பாடு. அதைக் 'குறைக்கவும்' என்றால் பட்டினி கிடக்கச் சொல்வது போலத்தான்.

நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். வீட்டில் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அப்படித்தான் இந்தக் கணக்கு என் கையில் வந்தது.

முதலில் கலோரி என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசால் உயர்த்தத் தேவையான வெப்பமே உணவுக் கணக்கில் பேசப்படும் கலோரி. சரியாகச் சொன்னால் அது கிலோகலோரி. இரசாயனவியலில் நாம் எழுதும் 4.2 கிலோயூலும் இதுவேதான். அமெரிக்காவில் வில்பர் அற்வாற்றர் என்ற இரசாயனவியலாளர் 1890களில், ஒரு மனிதன் உள்ளே தங்கக்கூடிய அறையைக் கட்டி, அவன் உண்ட உணவையும் அவனிடமிருந்து வெளிவந்த வெப்பத்தையும் அளந்தார். அவருடைய ஆய்வுகளிலிருந்து வந்த எண்களைத்தான் இன்றும் உலகம் பயன்படுத்துகிறது: ஒரு கிராம் காபோவைதரேற்றுக்கு 4, ஒரு கிராம் புரதத்துக்கு 4, ஒரு கிராம் கொழுப்புக்கு 9. கொழுப்பின் எண் மற்ற இரண்டையும்விட இரு மடங்குக்கு மேல் என்பதை ஞாபகத்தில் வைத்திருங்கள். கடைச் சாப்பாட்டின் இரகசியம் அதற்குள்தான் இருக்கிறது.

நம்முடைய உணவுகளுக்கு அட்டவணை இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. தமிழ்நாட்டின் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுகூடத்தின் தலைவர் எய்க்ரொய்ட் 1937இலேயே இந்திய உணவுகளின் சத்து அளவுகளைப் புத்தகமாக வெளியிட்டார். அந்த ஆய்வுகூடம் 1958இல் ஹைதராபாத்துக்கு மாறியது. அங்கிருந்து 2017இல் வெளியான அட்டவணையில் 528 உணவுகள் உள்ளன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அரிசி, பருப்பு, கீரை, மீன் என்று சமைக்காத பொருட்கள். 'கொத்து ரொட்டி, ஒரு கோப்பை' என்று தேடினால் கிடைக்காது. ஆகவே கடைச் சாப்பாட்டைக் கணக்கிட ஒரே வழி, கோப்பையில் இருப்பதைத் திரும்பவும் பொருட்களாகப் பிரிப்பதுதான். சமையல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் உம்மா இருந்தார்.

ஒரு நாள் வாப்பாவை மத்தியானப் பார்சலைப் பிரிக்காமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னோம். உம்மா கேக் அடிக்க வைத்திருந்த தராசில் சோற்றை மட்டும் நிறுத்தேன். 430 கிராம். இங்கே நான் ஒரு பிழை விட்டேன், நீங்களும் விடாதீர்கள். அட்டவணையில் அரிசிக்கு 100 கிராமுக்கு 350 கலோரி என்று இருந்ததைப் பார்த்து, 1500 கலோரி என்று எழுதிவிட்டேன். வாப்பா பயந்துபோனார். அந்த எண் அரிசிக்குரியது, சோற்றுக்குரியதல்ல. அரிசி வேகும்போது தண்ணீரைக் குடிக்கிறது. 100 கிராம் சோற்றில் 130 கலோரிதான். அப்படியென்றால் பார்சலிலிருந்த சோறு 560. பருப்பு, கோழித்துண்டு, கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம் எல்லாம் சேர்ந்து இன்னும் 400க்கும் மேல். மொத்தம் ஆயிரம் அளவில் வந்தது. வீட்டில் வாப்பா சாப்பிடும் சோற்றையும் அன்றிரவே நிறுத்தோம். 250 கிராம். 'கடைக்காரர் காசுக்கு வஞ்சகமில்லாமல் போடுகிறார்' என்று உம்மா சொன்னார்.

அடுத்தது கொத்து. இதற்கு ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுவதும் போனது. வாப்பா வழக்கமாக வாங்கும் கடையில் ரொட்டி போடுகிற நானாவிடம் கேட்டதில், ஒரு முழுக் கொத்துக்கு மூன்று ரொட்டி என்று சொன்னாராம். உம்மா ஒரு ரொட்டிக்கு 60 கிராம் வீதம் 180 கிராம் கோதுமை மாவைக் குழைத்தார். அதில் 650 கலோரி. பிறகு உருண்டைகளை எண்ணெயில் ஊறவைக்க வேண்டும். கிண்ணத்தில் 200 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெயை அளந்து ஊற்றினோம். ரொட்டியை வீசி முடித்த பிறகு அளந்தால் 150தான் இருந்தது. 50 மில்லிலீற்றர் எண்ணெய் காணாமல் போயிருந்தது! அதன் கணக்கு 410. தகட்டில் விட்ட ஒரு மேசைக்கரண்டி எண்ணெய்க்கு 120. இரண்டு முட்டைக்கு 150, கோழி இறைச்சிக்கு 150, தேங்காய்ப்பால் விட்ட குழம்புக்கு 100. கரட், லீக்ஸ், வெங்காயம் எல்லாம் சேர்த்தாலும் 40தான்.

கூட்டினால் 1620. கையிலும் பலகையிலும் ஒட்டிய எண்ணெயைக் கழித்தாலும் 1500க்குக் கீழே வராது. அதில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயிலிருந்து வருகிறது. கோப்பையைப் பார்க்கும்போது நமக்குத் தெரிவது கரட்டும் லீக்ஸும் முட்டையும்தான். மாவுக்குள் ஊறிய எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் பெரிதாகத் தெரியாது. எண்ணெயில் உறைப்பும் இல்லை, இனிப்பும் இல்லை. ரோல்ஸ், பற்றிஸ் சாப்பிடும்போது சுற்றித் தந்த கடதாசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் தெரிவது நீங்கள் சாப்பிடாத எண்ணெய். சாப்பிட்டது அதைவிட அதிகம்.

வாப்பாவின் விடயத்தில் எங்களை அதிகம் திடுக்கிட வைத்தது கொத்து அல்ல, தேத்தண்ணி. ஒரு நாளைக்கு ஐந்து பிளேன்ரீ, ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி சீனி. கரண்டிக்கு 5 கிராம் வைத்தாலும் நாளொன்றுக்கு 75 கிராம், 300 கலோரி. 2000 கலோரி உண்ணும் ஒருவர் இப்படிச் சேர்க்கும் சீனியை 50 கிராமுக்குள் வைத்திருக்க வேண்டும், முடிந்தால் 25க்குள் என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன அளவு. சாப்பாடு என்று நாங்கள் யாரும் எண்ணாத ஒன்றில்தான் அது ஒன்றரை மடங்கு, மூன்று மடங்காக ஓடிக்கொண்டிருந்தது.

போத்தல் பானங்களில் இந்தச் சிரமம் குறைவு. நம் நாட்டில் 2016 ஓகஸ்ட் முதல் மென்பானப் போத்தல்களில் சீனிக்கு நிறக்குறி போட வேண்டும் என்பது சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவு என்றால் பச்சை, இடையில் மஞ்சள். ஆனால் மஞ்சள் என்றவுடன் நிம்மதியாகக் குடித்துவிடக் கூடாது. 9 கிராம் என்று போட்டிருந்தால் அதுவும் மஞ்சள்தான். 250 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்து முடிக்கும்போது 22 கிராம் சீனி உள்ளே போயிருக்கும்.

சில நாடுகளில் உணவகப் பட்டியலிலேயே விலைக்குப் பக்கத்தில் கலோரியும் இருக்கும். அமெரிக்காவில் 2018 முதல் 20 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்களும், இங்கிலாந்தில் 2022 ஏப்ரல் முதல் 250 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களும் அப்படிப் போட வேண்டும். இந்தியாவிலும் 10 கிளைகளுக்குக் குறையாத உணவகங்களுக்கு இந்த விதி இருக்கிறது. அங்குள்ளவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்று நினைத்தேன். பிறகுதான் 2011இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி வாசித்தேன். 42 உணவகங்களிலிருந்து 269 உணவுகளை வாங்கி ஆய்வுகூடத்தில் அளந்திருக்கிறார்கள். அவற்றில் நூற்றுக்குப் பத்தொன்பதில், எழுதியிருந்ததைவிட 100 கலோரியோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்திருக்கிறது. அச்சடித்த எண்ணே இப்படி என்றால், எங்கள் தராசுக் கணக்கு நூறு நூற்றைம்பது முன்பின்னாக இருப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எந்தத் தராசுக்கும் அடங்காத ஒன்று நம்மிடம் இருக்கிறது. அதுதான் சஹன். ஒரே தட்டில் ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும்போது யார் எவ்வளவு சாப்பிட்டார் என்று எப்படிச் சொல்வது? ராத்தாவின் கல்யாணத்தில் சமையல் மாமாவிடம் கேட்டேன். ஒரு சஹனுக்கு ஒரு கிலோ அரிசி, 150 கிராம் நெய் என்றார். அரிசிக்கு 3500, நெய்க்கு 1300 அளவில். ஆறால் பிரித்தால் ஆளுக்கு 800. இறைச்சியும் வட்டிலப்பமும் அதற்குப் புறம்பு. பக்கத்தில் இருப்பவர் நல்ல துண்டுகளை நம் பக்கம் தள்ளிவிடுவதும் கணக்கில் இல்லை.

அந்தக் கல்யாணத்துக்கு முன்னர் நடந்த ஒன்றையும் எழுத வேண்டும். எழுதுவதா விடுவதா என்று பல நாள் யோசித்தேன்.

வாப்பாவின் கணக்கு எனக்கு ருசித்துவிட்டது. கல்யாணத்துக்கு மெலிய வேண்டும் என்று கைத்தொலைபேசியில் ஒரு கலோரிச் செயலியை இறக்கினேன். விரைவாக மெலிய வேண்டும் என்பதை அழுத்தியதும் ஒரு நாளைக்கு 1200 என்று தந்தது. கல்லூரியில் மத்தியானச் சாப்பாட்டைத் தோழிகளுக்குக் கொடுத்தேன். வீட்டில் கேட்டால் சாப்பிட்டுவிட்டேன் என்றேன். இரவில் ஒரு இடியப்பம் கூடினால் மறுநாள் காலையில் இரண்டைக் குறைத்தேன். தலைமுடி கொட்டியது. இரண்டு மாதமாக வர வேண்டியதும் வரவில்லை; அதை உம்மாவிடம் சொல்லப் பயமாக இருந்தது. ஏழாவது வாரம், இரசாயனவியல் செய்முறையில் குழாயியைக் கையில் பிடித்தபடியே மயங்கி விழுந்தேன்.

பிறகுதான் அந்த 1200 பற்றித் தேடினேன். 1918இல் லுலு ஹன்ற் பீற்றர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர் மெலிய விரும்பும் வளர்ந்த பெண்களுக்காக எழுதிய புத்தகத்தில் அந்த எண் இருந்திருக்கிறது. 16 முதல் 18 வயதுப் பெண் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 2500 அளவில் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொல்லியிருக்கிறது. எங்கள் வயதில் எலும்பும் இரத்தமும் இன்னும் கட்டிக்கொண்டிருக்கின்றன. அந்தச் செயலியில் கொத்து ரொட்டியைத் தேடினால் மூன்று வேறு எண்கள் வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் எப்போதும் பெரியதைத்தான் எழுதிக்கொண்டேன்.

என்னைத் திட்டாதவர் மூத்தம்மா மட்டும்தான். 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிப் புத்தளத்தில் நிவாரண அரிசியை அளந்து அளந்து பிள்ளைகளை வளர்த்தவர். "நாங்க அடுத்த நிவாரணம் வரைக்கும் போதுமா எண்டு எண்ணினோம். நீ எதுக்கு எண்ணினா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை. உலகில் அகதிகளுக்கு உணவு திட்டமிடுகிறவர்கள் ஆளுக்கு ஒரு நாளைக்கு 2100 கலோரி என்று வைத்துத்தான் தொடங்குகிறார்கள். நிறைந்த வீட்டில் இருந்துகொண்டு நான் அதில் பாதிக்குச் சற்று மேலேதான் சாப்பிட்டிருக்கிறேன்.

இப்போது செயலி இல்லை. தராசும் கொப்பியும் உம்மாவிடம். வாப்பாவின் கணக்கை அவரே எழுதுகிறார், கூட்டல் கழித்தலுக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார். பிளேன்ரீ ஐந்து மூன்றாகி, சீனி கரண்டிக்கு ஒன்றாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் சோறு வீட்டிலிருந்து போகிறது. மற்ற நாட்களில் கடையில் 'சோறு பாதி, மரக்கறி கூட' என்று சொல்லி வாங்குகிறார். விலை மட்டும் பாதியாகவில்லை.

போன மாதம் வாப்பா, உம்மா, தம்பி, நான் நால்வரும் ஐந்து சந்திப் பக்கம் சாப்பிடப் போனோம். எண்ணெயைக் குறைத்துப் போட முடியுமா என்று வாப்பா கேட்டார். ரொட்டி போடுகிற நானா சிரித்தார். "மா காலையிலேயே எண்ணெய்க்குள்ள ஊறிட்டுது. இப்ப எதைக் குறைக்கிற? வேணுமெண்டா ஒரு ரொட்டியைக் குறைச்சுப்போட்டு, மரக்கறியும் முட்டையும் கூடப் போடுறன்" என்றார். நாங்கள் ஒரு பின்னேரம் முழுக்க அளந்து கண்டுபிடித்ததை அவர் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார்.

கொத்து வந்ததும் வாப்பா தன் பங்கில் பாதியை எடுத்துத் தம்பியின் கோப்பையில் போட்டார். நான் என் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"நீ சாப்பிடு மகள்," என்றார். "அது என்ட கணக்கு."

சாப்பிட்டேன்.