அச்சுப்பொறியும் அதன் துபாஷியும்

கல்முனைப் பிரதான வீதியில், மக்கள் ‘கொமியூனிகேசன்’ என வழங்கும் சிறு கடையொன்றில் யான் கண்ட நிகழ்ச்சியே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. மருதமுனையிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, கல்வியியற் கல்லூரிக்குரிய தன் விண்ணப்பத்தை அச்சிட்டுப் பெறக் காத்திருந்தாள். அன்று மாலைக்குள் அது பதிவுத் தபாலிற் சேர்ந்தாக வேண்டும். பொறியோ தாளுக்குமேல் தாளாகப் பொருளற்ற குறிகளைக் கக்கிக்கொண்டிருந்தது. “பிரின்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது, சேர்” என்றார் கடைக்காரத் தம்பி. அதனைத் தள்ளிவிட்டுக் கடன்பட்டேனும் வேறொன்று வாங்க அவர் ஆயத்தமானார். வெளிவந்த முதற்றாளை எடுத்து நோக்கினேன். அதன் தலைவரியில் ஒரு நூற்றுவீதக் குறியும் அதனையடுத்து ஒரு வியப்புக் குறியும் நின்றன. நோய் இன்னதென்பதை அவ்விரு குறிகளுமே உணர்த்திவிட்டன. பொறி நலமாகவே இருந்தது. அதனோடு பேசிய துபாஷியே தவறானவன்.

துபாஷி என்றது யாரை? ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றங்களிலே, தமிழறியாத நீதிபதிக்கும் தமிழன்றிப் பிறிதறியாத சாட்சிக்கும் இடையே மொழிபெயர்ப்போர் நின்றனர். சாட்சி மெய்யே உரைப்பினும், இடைநிற்போன் மொழியறியாதவனாயின் வழக்குப் பாழாகும். கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் இடையே அவ்வாறு நிற்கும் மென்பொருளே ‘டிரைவர்’ எனப்படுவது. கலைச்சொல்லாக்கத்திற்குப் பெருந்தொண்டாற்றிய சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவு கல்முனைக்கு அணித்தேயுள்ளது. ஆதலின் இப்பெயரைச் சிறிது ஆராய்தல் தகும். தமிழில் இதனை ‘இயக்கி’ என்பர். எனினும், பொறியை ஓட்டுவதினும் பார்க்க, மொழிபெயர்ப்பதே இதன் தலையாய தொழிலென்க.

மொழிபெயர்ப்பு எதற்கு என வினவலாம். நாம் திரையிற் காணும் பக்கம் தாளில் ஏறுமுன் நுண்ணிய புள்ளிகளாக வகுக்கப்படல் வேண்டும். மருதமுனை நெசவாளர் ஊடையிழையை வரிவரியாகச் செலுத்திச் சேலை நெய்வதுபோல, அச்சுப்பொறியும் புள்ளிகளை வரிவரியாக இடுகின்றது. அங்குலத்திற்கு 600 புள்ளிகள் வீதம் ஏ4 தாளொன்றை நிரப்ப ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் புள்ளிகள் தேவை. இவ்வேலையைச் செய்விக்கும் கட்டளைகள் எல்லாப் பொறிகளுக்கும் ஒன்றல்ல. அடோபி நிறுவனம் 1984இல் ‘போஸ்ற்ஸ்கிரிப்ற்’ என்னும் மொழியை வெளியிட்டது. அதே ஆண்டில் ஹியூலற் பக்கார்ட் நிறுவனத்தின் லேசர் ஜெற் பொறி ‘பீ.சீ.எல்.’ என்னும் பிறிதொரு மொழியோடு வந்தது. ஊசிகளால் அச்சிடும் எப்சன் பொறிகளுக்கு வேறொரு கட்டளைத் தொகுதி உண்டு. விலைகுறைந்த பொறிகள் சிலவற்றிலோ பக்கத்தைப் புள்ளிகளாக்கும் ஆற்றலே இல்லை. அவ்வேலை முழுவதையும் கணினியிலுள்ள இயக்கியே செய்துகொடுத்தல் வேண்டும். அத்தகைய பொறி தனக்குரிய இயக்கியின்றேல் வெறும் ஊமையே.

கடையில் நிகழ்ந்ததும் இதுவே. முதல்நாட் புதிய கணினியொன்றைப் பொருத்தியவர், பெயரொற்றுமை கண்டு, போஸ்ற்ஸ்கிரிப்ற் மொழிக்குரிய இயக்கியைத் தெரிந்துவிட்டார். அம்மொழியில் எழுதப்படும் பக்கம் நூற்றுவீதக் குறியோடும் வியப்புக் குறியோடுமே தொடங்கும். பீ.சீ.எல். மட்டுமே அறிந்த பொறி, வந்த கட்டளைகளை வெறும் எழுத்துக்களெனக் கொண்டு அப்படியே அச்சிட்டது. சமையற்குறிப்பைக் கொடுக்க, உணவாக்காது குறிப்பையே இலையிற் படைத்தது போலாயிற்று. உரிய இயக்கியை இட்டதும் பத்து நிமிடத்தில் விண்ணப்பம் தெளிவாக வெளிவந்தது. தபாற்கந்தோர் மூடுமுன் மாணவியும் சென்றடைந்தாள்.

தமிழருக்கு இதில் தனிக்கவலையும் ஒன்றுண்டு. ஊசிப்பொறிகளின் நினைவகத்தில் உரோம எழுத்துக்கள் இருக்கும். தமிழெழுத்துக்கள் பொதுவாக இரா. எழுத்துக்குறிகளை மட்டும் அனுப்பும் பொது இயக்கியைத் தெரிந்தால், தமிழ்ப் பெயர்கள் வினாக்குறிகளாகவே வெளிவரக்கூடும். பொறிக்குரிய இயக்கியோ தமிழெழுத்தின் வடிவத்தைப் புள்ளிச் சித்திரமாக்கி அனுப்பும்.

எம்.எஸ். டொஸ் காலத்தில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கெனத் தனித்தனி இயக்கிகளை வைத்திருந்தது. இயங்குதளமே அப்பொறுப்பை ஏற்றபின்னர் அத்தொல்லை குறைந்தது. எனினும், அம்மொழிபெயர்ப்பு யார் கையிலுள்ளது என்னும் வினா எஞ்சியது. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே, தாள் சிக்குமிடத்து உரியவருக்கு அறிவிக்கும்படி பழைய அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தியிருந்தார் ரிச்சர்ட் ஸ்டோல்மன். புதிதாக வந்த செரொக்ஸ் பொறிக்கும் அவ்வாறே செய்ய விழைந்தார்; அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983இல் அவர் ‘குனூ’ என்னும் கட்டற்ற மென்பொருட் பணியை அறிவித்தமைக்கு அவ்வனுபவமும் ஒரு காரணமாயிற்று.

இவ்விழா மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பலர் பாடசாலைகளையும் அலுவலகங்களையும் நடத்துபவர்கள். பொறியைப் பழுதெனத் தள்ளுமுன் அவர்கள் நோக்கவேண்டியன மூன்று. முதலாவது, பொறியின் மாதிரி இலக்கம்; ஓரெழுத்து மாறினும் மொழி மாறலாம். இரண்டாவது, கணினியின் இயங்குதளம். 64 பிற் விண்டோஸிற்கு 32 பிற் இயக்கி உதவாது. மூன்றாவது, இயக்கி வந்த இடம். அதனைத் தயாரிப்பாளரிடமிருந்தோ இயங்குதளத்திலிருந்தோ பெறுதல் வேண்டும். 2021இல் விண்டோஸின் அச்சிடற் சேவையிற் கண்டுபிடிக்கப்பட்ட குறைபாடொன்று, தீய இயக்கி வாயிலாகப் பகைவர் கணினியையே கைப்பற்ற இடந்தந்தது. அதன்பின்னரே, இயக்கியை நிறுவ நிருவாகி உரிமை வேண்டும் என்னும் விதி இறுக்கமாயிற்று.

பல பொறிகள் பொதுமொழி ஒன்றைக் கற்று வருகின்றன. அப்பிள் நிறுவனத்தின் ‘எயார் பிரின்ற்’ 2010இல் இவ்வழியைப் பரப்பியது. தயாரிப்பாளரின் தனி இயக்கிகளை வழங்குவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக மைக்ரோசொப்ற் நிறுவனமும் 2023இல் அறிவித்தது. ஆயினும் நம் மேசைகளிலுள்ள பழைய பொறிகள் இன்னும் நெடுங்காலம் உழைக்கும். அவற்றுக்கு ஏற்ற துபாஷியைத் தேடிக்கொடுப்பது நம் கடன். அன்று அக்கடைக்காரத் தம்பி வேறு பொறி வாங்கவில்லை. பைத்தியம் பிடித்ததாகச் சொல்லப்பட்ட அதே பொறி இன்றும் அங்கே அச்சிட்டு வருகின்றது.