தலைநகரில் வீட்டுச் சோற்றுக்கு எங்கே இடம்?

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் நடைபெறும் நாள்களில், பிற்பகல் 1 மணிக்கு மக்களவை உணவு இடைவேளைக்காக ஒத்திவைக்கப்பட்டதும், அதுவரை எதிரெதிர் வரிசைகளில் நின்று முழங்கிய உறுப்பினர்கள் பலரும் ஒரே கவலையுடன்தான் வெளியே வருகின்றனர். "இன்று எங்கே சாப்பிடுவது?" தில்லியில் ஐந்தாண்டுக் காலம் தங்கினாலும், பத்தாண்டுக் காலம் தங்கினாலும், சொந்தத் தொகுதியின் சமையலை நாக்கு மறப்பதில்லை.

தலைநகரில் உணவுக்குப் பஞ்சமில்லை. ஆனால், சொந்த ஊரின் உணவை, வீட்டில் சமைத்ததுபோல், கைக்கெட்டும் விலையில், எவருக்கும் அஞ்சாமல் உண்பதற்கு இந்த நகரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. கடந்த 20 ஆண்டுகளில் இந்தக் கேள்வி காவல் துறை, உயர் நீதிமன்றம், நாடாளுமன்றம் ஆகிய மூன்றையும் எட்டிவிட்டது.

மானியம் போன கதை: முதலில் நாடாளுமன்றத்தின் சமையலறையையே பார்த்துவிடலாம். எம்.பி.க்களுக்கு ஒரு ரூபாய்க்குச் சப்பாத்தியும், 18 ரூபாய்க்குச் சைவச் சாப்பாடும் கிடைப்பதாக நாடெங்கும் எழுந்த விமர்சனத்தைத் தொடர்ந்து, 2016 ஜனவரி 1-ஆம் தேதி முதல் விலைகள் உயர்த்தப்பட்டன. சப்பாத்தி 2 ரூபாயும், சைவச் சாப்பாடு 30 ரூபாயும் ஆயின. 1968 முதல் உணவகங்களை நடத்திவந்த வடக்கு ரயில்வே 2020 நவம்பரில் விலகிக்கொள்ள, இந்தியச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்றது. 2021 ஜனவரியில் மானியம் முற்றிலும் நிறுத்தப்படுவதாக மக்களவைத் தலைவர் ஓம் பிர்லா அறிவித்தார். சைவச் சாப்பாடு 100 ரூபாய், அசைவ விருந்து 700 ரூபாய் என்று புதிய பட்டியல் வெளியானது.

இந்த முடிவைக் குறைகூற எவரும் முன்வரவில்லை, முன்வரவும் முடியாது. எனினும், அந்த மலிவு விலைச் சாப்பாட்டை உண்டவர்கள் எம்.பி.க்கள் மட்டுமல்லர். அவைக் காவலர்கள், எழுத்தர்கள், ஓட்டுநர்கள், செய்தியாளர்கள் என ஆயிரக்கணக்கானோர் அதே சமையலறையை நம்பியிருந்தனர் என்பது அப்போதைய விவாதத்தில் அதிகம் பேசப்படவில்லை.

பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் மைய மண்டபத்தில் கிடைத்த காபிக்கும் டோஸ்ட்டுக்கும் பெரிய ருசி எதுவும் இருந்ததில்லை. ஆனால், கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்களும் மூத்த செய்தியாளர்களும் ஒரே இடத்தில் அமர்ந்து பேசியது அந்தக் காபியின் பெயரால்தான். 2023 செப்டம்பரில் அவைகள் புதிய கட்டடத்துக்கு மாறின. அங்கே மைய மண்டபம் இல்லை.

பவன்களின் பந்தி: ஆகவே, ருசி தேடுவோர் மாநில பவன்களின் பக்கம் திரும்புகின்றனர். மாநிலத்திலிருந்து வரும் அமைச்சர்களும் அதிகாரிகளும் தங்குவதற்காகக் கட்டப்பட்ட விருந்தினர் இல்லங்கள் இவை. பலவற்றின் உணவகங்களில் பொதுமக்களுக்கும் அனுமதி உண்டு. அசோகா சாலையில் உள்ள ஆந்திர பவன் இவற்றில் முதலிடம் பெறுகிறது. டோக்கன் வாங்கி, பெயர் தெரியாத நால்வருடன் ஒரே மேஜையில் அமர்ந்தால், பூரி, பருப்பு, சாம்பார், ரசம், பச்சடி எனத் தட்டு நிரம்புகிறது. கேட்கக் கேட்கப் பரிமாறுகின்றனர். மேஜை மீதிருக்கும் பருப்புப் பொடியைச் சூடான சோற்றில் போட்டு, நெய் விட்டுப் பிசைந்து உண்ணும் பஞ்சாபியரைப் பார்த்தால், தேசிய ஒருமைப்பாட்டுக்கு விளம்பரம் தேவையில்லை என்றே தோன்றும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு வரிசை சாலை வரை நீள்வதுண்டு.

2014-இல் மாநிலம் இரண்டானபோது பவனின் கட்டடங்களையும் நிலத்தையும் பங்கு போடுவதில் இரு அரசுகளுக்கும் இடையே நெடுநாள் இழுபறி நீடித்தது. 2024 மார்ச்சில்தான் மத்திய அரசு அதற்கு முடிவு கட்டியது. அந்தப் பத்தாண்டுகளிலும் பந்தியில் மட்டும் பிரிவினை நடக்கவில்லை.

சாணக்கியபுரியில் உள்ள பிகார் நிவாஸில் லிட்டி சோக்கா கிடைக்கிறது. கோதுமை மாவு உருண்டைக்குள் சத்து மாவை அடைத்து நெருப்பில் சுட்டு, பிசைந்த கத்தரிக்காய், உருளைக்கிழங்குடன் தருகின்றனர். சுட்ட கத்தரிக்காயில் கொத்சு செய்து பழகிய நமக்குச் சோக்கா அந்நியமாகத் தெரியாது. அதே பகுதியில் உள்ள தமிழ்நாடு இல்லத்தின் ரசத்தைத் தேடி வரும் வட இந்திய அதிகாரிகளும் உண்டு.

இரண்டு ரகளைகள்: மலிவும் ருசியும் மட்டுமே பவன்களின் கதை அல்ல. 2014 ஜூலையில் மகாராஷ்டிர சதனில் தரப்பட்ட உணவு தரமற்றது, தங்கள் மாநிலச் சமையல் கிடைப்பதில்லை என்று சினம் கொண்ட சிவசேனை எம்.பி.க்கள், உணவகப் பணியாளர் ஒருவரின் வாயில் சப்பாத்தியைத் திணிக்க முயன்றனர். அந்தப் பணியாளர் ரமலான் நோன்பிலிருந்த முஸ்லிம். அவர் யாரென்று தங்களுக்குத் தெரியாது என எம்.பி.க்கள் தரப்பில் விளக்கம் அளிக்கப்பட்டது. நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் அமளி ஏற்பட்டது. ஊர்ச் சமையல் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானதே. ஆனால், அதை எடுத்துரைத்த விதம் அந்த நியாயத்தை முழுமையாக விழுங்கிவிட்டது.

அடுத்தது கேரள இல்லம். 2015 அக்டோபர் 26-ஆம் தேதி, அங்குள்ள உணவகத்தில் பசு இறைச்சி பரிமாறப்படுவதாகத் தொலைபேசியில் வந்த புகாரை ஏற்று, தில்லி போலீஸார் உள்ளே நுழைந்தனர். பட்டியலில் இருந்தது எருமை இறைச்சி. 1994-ஆம் ஆண்டின் தில்லி வேளாண் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் பசு, காளை, எருது ஆகியவற்றின் இறைச்சிக்குத்தான் தடை விதிக்கிறது, எருமைக்கு அல்ல. மத்திய உள்துறையின் கீழ் இயங்கும் காவல் துறை, ஒரு மாநில அரசின் இல்லத்துக்குள் உரிய அனுமதியின்றி எப்படி நுழையலாம் என்று அப்போதைய முதல்வர் உம்மன் சாண்டி பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அசம்பாவிதம் நேராமல் தடுக்கவே சென்றதாகக் காவல் துறை கூறியது. ஓரிரு நாள்கள் நிறுத்திவைக்கப்பட்ட எருமை இறைச்சி மீண்டும் பட்டியலில் இடம்பெற்றது. அன்று அதை உண்பதற்கென்றே வந்த கூட்டத்தில் அரசியல் பசி கொண்டவர்களே அதிகம் எனலாம்.

வாசனைக்கு வந்த அறிவுரை: அரசு இல்லத்துக்கே இந்நிலை என்றால், வாடகை வீட்டில் குடியிருப்பவர் நிலை என்ன? 2007-இல் வடகிழக்கு மாநில மாணவர்களுக்காகத் தில்லி போலீஸார் ஒரு கையேடு வெளியிட்டனர். மூங்கில் குருத்து, அகுனி போன்ற 'மணம் வீசும்' உணவுகளை அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லை ஏற்படாமல் சமைக்க வேண்டும் என்பது அதில் ஓர் அறிவுரை. உடை பற்றியும் உபதேசம் இருந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது.

அகுனி என்பது நாகாலாந்தின் சுமி மக்கள் சோயா மொச்சையை வேகவைத்துப் புளிக்கச் செய்து தயாரிப்பது. அதன் வாடை வீட்டு வாசலைத் தாண்டும் என்பது உண்மைதான். கருவாட்டுக் குழம்பு கொதிக்கும் வீட்டின் வாடை தெருமுனை வரை செல்வதை அறிந்த தமிழருக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சஃப்தர்ஜங் என்கிளேவை ஒட்டிய ஹுமாயூன்பூரின் குறுகிய சந்துகளில் இன்று நாகா, மணிப்புரி, திபெத்திய உணவகங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. மாடிப்படி ஏறிச் சென்றால் நாலைந்து மேஜைகள் இருக்கும். அகுனி சேர்த்த பன்றி இறைச்சியும் சோறும் ஒரு தட்டில் வரும். 2007-இல் அறிவுரை பெற்ற அதே வாசனைக்காகத் தெற்கு தில்லிவாசிகள் இப்போது காசு கொடுத்துக் காத்திருக்கின்றனர்.

தில்லியின் அடையாளம் என்று வெளிநாட்டினருக்குக் காட்டப்படும் உணவும் வெளியிலிருந்து வந்ததே. 1947 பிரிவினையின்போது பெஷாவரிலிருந்து அகதிகளாக வந்த குந்தன் லால் குஜ்ரால், குந்தன் லால் ஜக்கி உள்ளிட்டோர் தரியாகஞ்சில் மோதி மஹாலைத் தொடங்கினர். தந்தூரி கோழியும், தக்காளியும் வெண்ணெயும் சேர்ந்த குழம்பும் அங்கிருந்துதான் நாடெங்கும் பரவின. அந்த வெண்ணெய்க் கோழியை முதலில் சமைத்தவர் யார் என்பது குறித்து, மோதி மஹால் தரப்பினர் 'தரியாகஞ்ச்' என்ற உணவக நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு 2024 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. மனு மட்டும் 2,700 பக்கங்களுக்கும் மேல். வீடிழந்து வந்தவர்கள் அடுப்பு மூட்டிய இடத்தில் இன்று உரிமை கோரி வழக்கறிஞர்கள் வாதாடுகின்றனர்.

சமைக்கும் கைகள்: இனி வீட்டுக்கு வருவோம். தலைநகரில் சமைத்து உண்ண ஏற்ற காலம் குளிர்காலமே. டிசம்பரில் வெந்தயக் கீரை, கடுகுக் கீரை, பத்துவா கீரை, இனிப்பான பச்சைப் பட்டாணி, செந்நிறக் கேரட் ஆகியவை தள்ளுவண்டிகளில் குவிகின்றன. தில்லித் தமிழர் வீடுகளில் வெந்தயக் கீரைச் சாம்பாரும் பட்டாணிக் கூட்டும் அப்போது அன்றாடச் சமையல். முருங்கைக்காய், சின்ன வெங்காயம், வாழை இலை வேண்டுமென்றால் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குச் செல்ல வேண்டும். அங்கே மலையாளமும் தமிழும் பேசும் பிகார் இளைஞர்களிடம் பேரம் பேசலாம்.

ஆனால், தில்லியின் 'வீட்டுச் சமையலில்' பெரும்பகுதியைச் சமைப்பவர் அந்த வீட்டினர் அல்லர். ஜங்புரா, போகல், லாஜ்பத் நகர் வீடுகளில் பாத்திரம் துலக்கி, காய் நறுக்கி, சப்பாத்தி இட்டு வந்தவர்களில் பலர், பாராபுல்லா கால்வாய் ஓரம் 'மதராஸி கேம்ப்' குடிசைப் பகுதியில் வாழ்ந்த தமிழ்ப் பெண்கள். கால்வாயைத் தூர்வாருவது தொடர்பாகத் தில்லி உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி 2025 ஜூன் 1-ஆம் தேதி அந்தக் குடியிருப்பு இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள் இருந்தன. அவற்றில் 189 குடும்பங்களே மாற்று வீடு பெறத் தகுதியானவை என அறிவிக்கப்பட்டன. அந்த மாற்று வீடுகளும் நகரின் வடகோடியில், வெகு தொலைவில் உள்ள நரேலாவில். சொந்த ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழக அரசு தெரிவித்தது.

கால்வாய் தூர்வாரப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. மழைக்காலத்தில் அப்பகுதி நீரில் மூழ்குவதும் உண்மை. இருப்பினும், காலை 7 மணிக்கு ஜங்புராவில் அடுப்பு பற்றவைக்க வேண்டிய பெண், நரேலாவிலிருந்து எந்தப் பேருந்தைப் பிடிப்பார் என்பதற்கு எந்த ஆவணத்திலும் விடை இல்லை.

வீதியில் ஒரு சட்டம்: எதிர்பாராமல் கிடைக்கும் நல்ல உணவு, தில்லியில் பெரும்பாலும் நடைபாதையில்தான் கிடைக்கிறது. குளிர்காலக் காலைகளில் பழைய தில்லியில் பால் நுரையைத் திரட்டித் தரும் தௌலத் கி சாட், அலுவலக வாசல்களில் ராஜ்மா சாவல், கனாட் பிளேஸ் பகுதியில் பொரித்த உருளைக்கிழங்கு சாட் என்று பட்டியல் நீளும். இவர்களுக்காகவே ஒரு சட்டம் உண்டு. தெருவோர வியாபாரம் அடிப்படை உரிமையில் அடங்கும் என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கால் நூற்றாண்டு கழித்து, 2014 பிப்ரவரியில், தெலங்கானா விவகார அமளிக்கு இடையே தெருவோர வியாபாரிகள் பாதுகாப்பு மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. மே 1 முதல் அமலுக்கு வந்தது.

நல்ல சட்டம் என்றே கூற வேண்டும். கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். 50 ஆண்டுகளுக்கு மேல் இயங்கும் இயல்பான சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவித்து, அங்குள்ளோரை இடம் மாற்றாமல் காக்க வேண்டும். தலைநகரிலோ குழுக்களை அமைப்பதும் கணக்கெடுப்பும் தாமதமாகி, விவகாரம் மீண்டும் மீண்டும் நீதிமன்றப் படியேறியது. 2020-இல் பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் 10,000 ரூபாய் கடன் கிடைத்தது. 2025-இல் முதல் தவணை 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கடன் தரும் அரசு வண்டி நிறுத்த இடம் தரவில்லை என்பதே வியாபாரிகளின் குறை.

பாரதிய நியாய சம்ஹிதை அமலுக்கு வந்த 2024 ஜூலை 1-ஆம் தேதி, புது தில்லி ரயில் நிலையம் அருகே பாதையை மறித்துக் கடை போட்டதாக ஒரு தெருவோர வியாபாரி மீது புதிய சட்டத்தின் 285-ஆவது பிரிவில் வழக்குப் பதிவானது. காவல் துறை மறு ஆய்வு செய்து அந்த வழக்கைக் கைவிட்டதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா அன்றே விளக்கமளித்தார்.

வியாபாரிகளின் சட்டத்தில் 19-ஆவது பிரிவு என ஒன்று உண்டு. பறிமுதல் செய்யப்படும் பொருள் கெட்டுப்போகக் கூடியதாக இருந்தால், உரியவர் கேட்ட அன்றே அதைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது அது. நகராட்சி லாரி தெருமுனையில் தென்பட்டதும், கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியுடன் வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்துக்குள் ஓடுபவர்கள், அந்தப் பிரிவை நம்பி அங்கே நின்றதாகத் தெரியவில்லை.